பாலியல் கல்வியும் பெற்றோரின் கையொப்பமும்



நம் சேகரத்துப் பெற்றோர் சிலர் ஒரு விண்ணப்பம் எழுதி, அதில் என் கையொப்பத்தையும் கேட்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் பயிலும் தங்கள் பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி என்ற பெயரில் எந்த வகுப்பும் நடத்தக் கூடாது என்பதும், நடத்தினால் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். எழுதியவர்கள் ஜெபிக்கிறவர்கள், தங்கள் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள். அவர்களுடைய அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் அந்த விண்ணப்பத்தில் நான் கையொப்பமிடப் போவதில்லை. காரணத்தை அவர்களுக்கு மட்டும் தனியே சொல்லிவிட்டு அமைவது சபைக்கு நலமன்று என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்திகள் சட்டத்தில் இல்லாததை உண்டு என்கின்றன. உள்ளதை இல்லை என்கின்றன. பாலியல் கல்விச் சட்டம் என்று ஒன்று இந்தியாவில் இல்லை. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் முதல் கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் அதைக் குறித்துச் சட்டம் இயற்றலாம். ஆனால் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இந்தப் பாடத்தை அதன் பெயரால் கட்டாயமாக்கவில்லை. எய்ட்ஸ் தடுப்பை முன்னிட்டு மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் முதலிய மாநிலங்கள் தங்கள் பள்ளிகளில் தடுத்து நிறுத்தின. 2009-இல், வெங்கையா நாயுடு தலைமையிலிருந்த மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அன்று எதிர்த்தவர்களின் வாதங்களும் இன்று நம் விண்ணப்பத்தில் உள்ள வாதங்களும் ஏறக்குறைய ஒன்றே: இது மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது, பிள்ளைகளைக் கெடுக்கும். நம்முடைய விசுவாசத்தையே மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்லக் கேட்டுப் பழகிய நாம், அந்த முதல் வாதத்தைக் கையில் எடுக்குமுன் சற்றே யோசிக்கலாம்.

பெயரால் கட்டாயமில்லை என்றேன். பொருளால் ஒரு பகுதி கட்டாயமாகவே இருக்கிறது. அது வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது நாம் போக்சோ என்று அழைக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், தன் 43-ஆம் பிரிவில் மத்திய அரசுக்கும் ஒவ்வொரு மாநில அரசுக்கும் ஒரு கடமையை விதிக்கிறது. இந்தச் சட்டத்தைப் பொதுமக்களும் பெற்றோரும் மட்டுமல்ல, குழந்தைகளும் அறிந்திருக்கும்படி செய்ய வேண்டும் என்பதே அது. 2020-இல் வெளியிடப்பட்ட போக்சோ விதிகளின் மூன்றாம் விதி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. குழந்தைகளின் வயதுக்கேற்ற பாடப்பொருளை அரசு ஆயத்தம் செய்ய வேண்டும். உடலையும் இணையத்திலுள்ள தன் அடையாளத்தையும் காத்துக்கொள்வது, பாலியல் குற்றத்தினின்று தப்புவது, 1098 என்ற எண்ணுக்கு எப்படி அறிவிப்பது, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் சமமாக மதிப்பது ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் பாடத்திட்டம் குழந்தையை அச்சத்திலிருந்தும் மன அதிர்ச்சியிலிருந்தும் விடுவிப்பதாக இருக்க வேண்டும் என்று 2009-லேயே சொல்லிவிட்டது.

2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று நம் மாநிலத்திலிருந்தே எழுந்த வழக்கில் வந்தது. குழந்தைகளைப் பாலியல் முறையில் காட்டும் படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்த ஒருவர்மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜனவரியில் தள்ளுபடி செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியதோடு நில்லாமல், விரிவான பாலியல் கல்வித் திட்டங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று ஆலோசனை கூறிற்று. இது மேல்நாட்டுக் கருத்து என்பதும், பிள்ளைகளை ஒழுக்கக்கேட்டிற்கு நடத்தும் என்பதும் தவறான எண்ணங்கள் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. 2025 அக்டோபரில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், இந்தக் கல்வி ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவது போதாது, இன்னும் இளமையிலேயே தொடங்க வேண்டும் என்றது. ஆலோசனை ஆலோசனைதான், ஆணை அன்று. ஆயினும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பது விளங்கும்.

இனி நான் கையொப்பமிட மறுக்கும் காரணத்திற்கு வருகிறேன்.

போக்சோ சட்டத்தின் 5-ஆம், 9-ஆம் பிரிவுகளைச் சபையார் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எவரெவர் செய்தால் அந்தக் குற்றம் மேலும் கொடியதாகக் கருதப்படும் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. காவலர், படைவீரர், அரசு ஊழியர், மருத்துவமனைப் பணியாளர் என்று போகிற அந்தப் பட்டியலில் கல்வி நிறுவனத்தின் பணியாளரும், அதே வரியில் மத நிறுவனத்தின் பணியாளரும் இருக்கிறார்கள். அதன் பின்பு இரத்த உறவினர், திருமண வழி உறவினர், காப்பாளர், ஒரே வீட்டில் வசிப்பவர் ஆகியோர் வருகிறார்கள். சட்டம் எழுதியவர்கள் புதருக்குள் ஒளிந்திருக்கும் அந்நியனை மட்டும் நினைத்து இதை எழுதவில்லை. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்தது. அவர்களுள் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்பத்திற்கு ஆளானவர்கள். செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைய அறிக்கைகளில், குழந்தைகள்மீதான பாலியல் வன்புணர்ச்சி வழக்குகளில் தொண்ணூறு விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவரே.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாகத் தோன்றக் கூடாது. உபாகமம் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கெரிசீம் மலையிலும் ஏபால் மலையிலும் ஜனங்கள் நிற்க, லேவியர் உரத்த சத்தமாய்ச் சாபங்களைக் கூறுகிறார்கள். அவற்றுள் நான்கு, பாலியல் பாவங்களைப் பற்றியவை. அவற்றுள் மூன்று குடும்பத்துக்குள் நடப்பவை. தகப்பனுடைய மனைவி, சகோதரி, மாமியார் என்று உறவு ஒவ்வொன்றும் பெயர் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் எல்லாரும் ஆமென் என்று சொல்ல வேண்டும். அடுத்த சில அதிகாரங்களில், ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கூடாரப்பண்டிகையில் நியாயப்பிரமாணத்தை வாசிக்கும்போது புருஷரும் ஸ்திரீகளும் மட்டுமல்ல, பிள்ளைகளும் கூட்டப்பட வேண்டும் என்று மோசே கட்டளையிடுகிறார். அந்தப் பகுதி வந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடச் சொல்லவில்லை. மறைவிலே நடக்கிற பாவத்தை வெளிச்சத்திலே பெயர் சொல்லுவது அந்த ஜனத்தாருக்கு வெட்கமாயிருக்கவில்லை, ஆராதனையின் பகுதியாயிருந்தது. எல்லா வயதினருக்கும் எல்லாம் ஒரே விதமாகச் சொல்லப்பட வேண்டும் என்று இதனால் நான் கூறவில்லை. நெகேமியா 8-இல் கேட்டு விளங்கிக்கொள்ளத் தக்கவர்கள் என்றொரு வகுப்பாரைக் காண்கிறோம். லேவியர் அர்த்தம் சொல்லி விளங்கப்பண்ணுகிறார்கள். வயதுக்கேற்ப என்று விதிகள் சொல்வதும் அதுவே.

2 சாமுவேல் 13-ஐ நாம் பிரசங்கத்திற்கு எடுப்பதில்லை. தாவீதின் குமாரத்தி தாமார், தன் தகப்பனுடைய கட்டளையின்படியே நோயாளியைப் பராமரிக்கப் போகிறாள். அம்னோன் அவளுக்கு அந்நியனல்ல, தகப்பன் வழிச் சகோதரன். அவனுக்கு வழி சொல்லிக்கொடுத்த யோனதாபும் குடும்பத்தான். நான் கவனிக்க வேண்டுகிறது இதுதான்: தாமாருக்கு வார்த்தை இருந்தது. இஸ்ரவேலில் இப்படிச் செய்யத் தகாது என்று அவளால் எதிர்த்து வாதாட முடிந்தது. நடந்தது அநியாயம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வெளியே வந்து தன் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, வஸ்திரத்தைக் கிழித்து, வீதியிலே அலறினாள். அவள் வாயை மூடியவர்கள் வீட்டார். அப்சலோம் அவளைச் சும்மாயிருக்கச் சொன்னான். தாவீது கோபங்கொண்டான், அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. அந்த வார்த்தைகூட இல்லாத ஏழு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உடலின் அந்தப் பாகத்திற்கு வீட்டில் பெயரே சொல்லிக்கொடுக்காமல், அதைப்பற்றிக் கேட்டால் அதட்டி வளர்த்திருக்கிறோம். போக்சோவின் 19-ஆம் பிரிவு, குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. பிள்ளையும் அறிவிக்கலாம் என்கிறது. என்ன என்று அறிவிக்கும், எந்தச் சொல்லால்?

விலக்கு என்ற சொல்லை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் உறவுகள் பற்றிய கல்வியும், உயர்நிலைப் பள்ளிகளில் உறவுகள் மற்றும் பாலியல் கல்வியும் சட்டப்படிக் கட்டாயம். அங்கே பாலியல் கல்வியிலிருந்து தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளும்படி கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஆனால் பிள்ளைக்குப் பதினாறு வயது நிறைவதற்கு மூன்று பருவங்கள் முன்னதாக, அந்த முடிவு பிள்ளையின் கைக்கு வந்துவிடும். உறவுகள் பற்றிய கல்வியிலிருந்தோ விலகுவதற்கு வழியில்லை. பாதுகாப்பான தொடுதல் எது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்நாட்டின் திட்டம் முழுவதையும் நான் மெச்சவில்லை. அங்குள்ள விசுவாசிகள் பலருக்கு அதில் மனவருத்தம் உண்டு. இந்தப் பிரிப்பு மட்டும் ஞானமுள்ளது என்று எண்ணுகிறேன். ஏனென்றால், பாதுகாப்புப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கும் தாளில் யார் கையொப்பமிடுவார்? பிள்ளையின் தகப்பன், அல்லது காப்பாளர். தொண்ணூறு வீடுகளில் அவர் அன்பினால் கையொப்பமிடுவார். ஏதோ ஒரு வீட்டில், அந்தப் பிள்ளை பேசக் கற்றுக்கொள்ளாதிருப்பதால் ஆதாயம் அடைகிறவரே கையொப்பமிடுவார். இரண்டு கையொப்பமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தலைமை ஆசிரியரால் வேறுபாடு காண முடியாது. உங்கள் பிள்ளைக்காக நீங்கள் கேட்கிற விலக்கு, அந்தப் பிள்ளையின் கதவையும் சேர்த்துப் பூட்டும்.

பெண்பிள்ளைகளைக் குறித்தே பேசிக்கொண்டிருந்தால் பாதிச் செய்தி விடுபடும். மேற்சொன்ன 2007-ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்பிள்ளைகளும் ஏறக்குறைய அதே அளவில் துன்பப்பட்டிருந்தார்கள். மேலும், நம் வாலிபர் ஐக்கியத்துப் பையன்களுக்குச் சட்டம் எவ்வளவு தெரியும்? பதினெட்டு வயது நிறையாதவர் எவரும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்குக் குழந்தை. அந்த வயதுக்குக் கீழே சம்மதம் என்பது செல்லாது. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் மனமொத்துப் போனாலும் பையன் சிறைக்குப் போகக்கூடும். இப்படிப்பட்ட வழக்குகளின் பெருக்கத்தைப் பார்த்து, வயது வரம்பைப் பதினாறாகக் குறைப்பதைப் பற்றி ஆராயலாம் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2019-இல் கருத்துத் தெரிவித்தது. அது வேறொரு விவாதம். அதில் எனக்கு ஐயங்கள் உண்டு. ஒரு சிறுமியைப் பாலியல் முறையில் காட்டும் படத்தைக் கைப்பேசியில் இன்னொருவனுக்கு அனுப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி முதல் குற்றத்திற்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளையாட்டாக அனுப்பினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இதையெல்லாம் பள்ளியும் சொல்லாமல் வீடும் சொல்லாமல் ஆலயமும் சொல்லாமல் இருந்தால், பையன் முதன்முதலாகக் காவல் நிலையத்தில்தான் கேட்டறிவான்.

பெற்றோரின் வாதத்தில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. சம்மதம் ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பாலுறவைப் பற்றிப் போதித்து முடித்துவிட்டால், அது வெகு சிறிய அளவுகோல். விவாகம், உண்மைத்தன்மை, இச்சையடக்கம், பிறந்த பிள்ளைக்குப் பொறுப்பேற்பது இவையெல்லாம் அதற்குள் அடங்கா. ஆனால் இவற்றை அரசுப் பள்ளி நம் பிள்ளைகளுக்கு நம்முடைய விசுவாசத்தின்படி போதிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது எப்படி? அந்த வகுப்பறையில் எல்லா மார்க்கத்துப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். உடல் என்ன, ஆபத்து என்ன, சட்டம் என்ன, யாரிடம் சொல்வது என்பதைப் பள்ளி சொல்லட்டும். அதன் பொருள் என்ன என்பதை வீடும் சபையும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது வேலையை நாம் செய்துகொண்டிருக்கிறோமா என்பதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். உன்னதப்பாட்டு நம் வேதாகமத்தில் இருக்கிறது. அதன் பக்கங்கள் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன.

பாடம் எப்படி நடத்தப்படுகிறது என்பதையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் மாநில எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் என்ற பாடம் இருக்கிறது. பல வகுப்பறைகளில் அது வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துபோகிறது என்பதை நம் பிள்ளைகளே சொல்லுகிறார்கள். ஆசிரியர் வெட்கப்படுகிறார்; பெற்றோர் புகார் செய்வார்களோ என்று அஞ்சவும் செய்கிறார். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வாரம் ஒரு வகுப்பு நடத்த வேண்டும் என்கிறது. அந்த இருவர் யார், பயிற்சி பெற்றார்களா, பெண்பிள்ளைகளோடு பேசப் பெண் ஆசிரியர் இருக்கிறாரா, பாடநூலைப் பெற்றோர் பார்க்கலாமா? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். நம் சபையாரும் சிலர் இருக்கிறீர்கள். இவற்றைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். முதல் கையொப்பம் என்னுடையதாயிருக்கும்.

கடைசியாக நம்மைப் பற்றி. 2020-ஆம் ஆண்டின் அதே மூன்றாம் விதி, குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனம் எதுவாயினும் தன் பணியாளர்களைக் காவல்துறைச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்றும், குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. நம் ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, பாடகர் குழு, மாணவர் விடுதி எல்லாம் பிள்ளைகளோடு பழகும் இடங்களே. தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை அறிந்தும் அறிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு, 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. போதகருக்கென்று அந்தச் சட்டத்தில் விலக்கு எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். இப்படிப்பட்ட காரியம் என் காதுக்கு வந்தால் சபையின் நற்பெயரை முன்னிட்டு மூப்பர்கள் நடுவே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். நான் காவல்துறைக்கு அறிவிப்பேன். அந்தப் பிள்ளையின் பெயரையோ குடும்பத்தின் பெயரையோ ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களையும் பொறுத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளையின் அடையாளத்தைச் சட்டமே மறைத்துக் காக்கிறது.

அடுத்த ஞாயிறு முதல், ஞாயிறு பள்ளி வகுப்பறைகள் ஒவ்வொன்றிலும் 1098 என்ற எண்ணும், பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதி வைக்கப்படும். ஆசிரியர்களும் விடுதிப் பணியாளர்களும் காவல்துறைச் சரிபார்ப்புக்கான படிவங்களைச் சேகர அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்; முதல் படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். விண்ணப்பம் எழுதிய பெற்றோரும் மற்றவர்களும் ஆராதனைக்குப் பின்பு ஆலயக் கூடத்தில் சற்று நேரம் இருங்கள். எட்டாம் வகுப்புப் பாடநூலைக் கொண்டு வருகிறேன். உட்கார்ந்து சேர்ந்தே வாசிப்போம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்